பதினாறு வயசுக்குத் தமிழ்ல என்னங்க படிக்கக் குடுக்கறது?

சோமனூர்க்காரன் | ஞாயிறு, இரவு 9.40

ஏனுங்க, ஒரு சந்தேகம். சந்தேகங்கறதவிட வெசனம்னு வெச்சுக்கலாம்.

எம் பொண்ணு பதினொண்ணாவது படிக்கறா. சோறு போட்டா ஒரு கை தட்டத்துல, ஒரு கை புஸ்தகத்துல. அவ அலமாரி முச்சூடும் இங்கிலீசு. போன வாரம் நாள் முழுக்க கரண்டு இல்லை, தறி நின்னுபோச்சு. சும்மா உக்கார முடியாம அவளோட 'ஹங்கர் கேம்ஸ்' எடுத்தேன். 2008ல வந்த புக்கு. பொழுதோட கரண்டு வந்து, குடோன்ல இருந்து ஆளு வந்து கூப்புட்டும் நான் எந்திரிக்கல.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: ஒரு நாடு, அதுக்குக் கீழ 12 மாவட்டம். வருசா வருசம் மாவட்டத்துக்கு ஒரு பையன், ஒரு பொண்ணு, 12லிருந்து 18 வயசுக்குள்ள, சீட்டுக் குலுக்கி எடுத்து ஒருத்தரை ஒருத்தர் கொல்ல உடறாங்க. அதை டிவியில காட்டறாங்க. ஊட்டுல சோத்துக்கு வழியில்லீன்னா உம் பேரை இன்னொருக்கா எழுதிப் போட்டுக்கோ, தானியமும் எண்ணெயும் தர்றோம்ங்கறான். அந்த எடத்துல புக்கை மூடி வெச்சுட்டு வெளிய வந்து நின்னேன். எட்டாம் மாவட்டத்துக்குத் தொழில் என்ன தெரியுங்களா? துணி. நம்ம ஊரேதான்.

நான் அந்த வயசுல படிச்சதெல்லாம் மாச நாவல். அதுவும் சலூன்ல. எங்க ஊரு சலூன்காரண்ணன் நோட்டுக்கட்டாட்ட அடுக்கி வெச்சிருப்பாரு. வந்த ஆளுகளுக்குப் படிக்கவும் அதுதான், சவரக்கத்தியில நுரையைத் தொடைக்கவும் அதுதான். கிழிக்கறவரு பின்னாடி இருந்து கிழிப்பாரு. 95வது வருசமோ 96ஆ, ஒரு கதை. அட்டையும் இல்லை, யாரு எழுதுனதுன்னும் தெரியாது. ஜீப்பு வந்து நிக்குது, கதவு தெறக்குது. அதோட சரி. மிச்சம் 16 பக்கம் யார் கன்னத்து நுரையிலயோ போச்சு. கொலைகாரன் யாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுங்க.

கேள்விக்கு வர்றேன். எம் பொண்ணுக்குத் தமிழ்ல குடுக்க என்ன இருக்கு? அம்புலிமாமா வயசு தாண்டிருச்சு. நம்ம கோயமுத்தூர்க்காரர் ராஜேஷ்குமார் 1500 நாவலுக்கு மேல எழுதியிருக்காரு, அவரோட விவேக்-ரூபலா துப்பறியற கதை நாலு குடுத்துப் பார்த்தேன். "ஸ்பீடா போகுதுப்பா, ஆனா இதுல நான் இல்லை"ன்னுட்டா. அந்த வார்த்தைதான் ஒரு வாரமா மண்டையில ஓடிட்டு இருக்கு.

ராஜவீதி வாசகன் | ஞாயிறு, இரவு 10.15

பதின்வயதினருக்கென்று நீங்கள் கேட்பதை ஆங்கிலத்தில் 'யங் அடல்ட்' என்பார்கள். அது இலக்கிய வகை அல்ல நண்பரே, அலமாரியில் ஒட்டிய சீட்டு. அமெரிக்க நூலகர்கள் 1957லேயே இந்த வயதுக்கென்று தனிப் பிரிவு தொடங்கிவிட்டார்கள். பின்னால் பதிப்பகத்தார் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2012ல் பௌக்கர் நிறுவனம் எடுத்த கணக்கில், 12 முதல் 17 வயதுக்கென்று அச்சடித்த புத்தகங்களை வாங்கியவர்களில் 55 சதவீதம் பேர் 18 தாண்டியவர்கள். அதிலும் 30 முதல் 44 வயதுக்காரர்களே அதிகம். தறி நின்ற அன்று நீங்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டீர்கள்.

நாங்கள் எட்டாம் வகுப்பில் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் படித்தோம். யாரும் எங்களுக்கு வயது பார்த்துத் தரவில்லை. கொங்கு மண்ணிலிருந்தே வேண்டுமா? ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942லேயே நம் பேச்சில் வந்தது. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' இருக்கிறது. ஆடு மேய்க்கும் கூளையனுக்கு என்ன வயது? தமிழில் இல்லை என்பது தேடாதவர் பேச்சு.

நாட்டுச்சக்கரை | ஞாயிறு, இரவு 10.32

ராஜவீதி அண்ணா, தேடாதவர்னு ஏன் எடுத்த எடுப்புலயே அடிக்கறீங்க? அந்த மனுசன் கேட்டது நல்ல கேள்வி.

நான் கோபி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல இங்கிலீசு டீச்சர். புள்ளைக பையில இருக்கறதெல்லாம் எனக்குத் தெரியும். பொண்ணுகளுக்கு முன்னாடி 'ட்வைலைட்'. அது 2005ல வந்தது, இவளுக பொறக்கறதுக்கு முன்னாடி, ஆனா இன்னும் சுத்துது. அதுல வர்ற பையன் எட்வர்டு ஒரு ரத்தக்காட்டேரி, பாக்கறதுக்குப் பதினேழு, பொறந்தது 1901. நூறு வயசு தாண்டின அப்பிச்சி பள்ளிக்கூடத்துப் புள்ளைய ராத்திரியில ஜன்னல்வழியா எட்டிப் பாக்கறார்னு நான் சொன்னேன். கிளாஸ் ஒட்டுக்கா என்னைய மொறைச்சுது.

சோமனூர் அண்ணனுக்கு ஒரு விசயம் மட்டும். அட்டையைப் பார்த்து வாங்காதீங்க. கடையில பூப்போட்டு ரோஸ் கலர்ல அடுக்கியிருக்கற காலீன் ஹூவர் புக்கெல்லாம் பள்ளிக்கூடத்துப் புள்ளைகளுக்குன்னு எழுதுனது இல்லை. 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' 2016ல வந்தது, புருசன் கைநீட்டறதைப் பத்தின கதை. மோசமான புக்குன்னு சொல்ல வரலை. பதினேழு பதினெட்டு வயசுல படிச்சா, கையோங்குறவனை எங்க வெக்கணும்னு புரியும். ஏழாவது படிக்கறவளுக்கு அப்பா பொறந்தநாள் பரிசா வாங்கிக் குடுத்துட்டு, அப்பறம் என்கிட்ட வந்து பேந்தப் பேந்த முழிச்சார்.

மாயாவிப் பிரியன் | ஞாயிறு, இரவு 10.50

இரும்புக்கை மாயாவி இருக்கும்போது உங்களுக்கெல்லாம் எதுக்குங்க இத்தனை வெசனம். 1972ல சிவகாசியில இருந்து முத்து காமிக்ஸ் வந்துச்சு, எங்கப்பன் படிச்சார், நான் படிச்சேன், எம் பையனும் படிக்கறான். வயசாவது மண்ணாவது.

கிளை நூலகம் | திங்கள், காலை 7.05

ஈரோடு மாவட்டத்தில் ஒரு கிளை நூலகத்தில் இருக்கிறேன். எங்கள் அறையை அப்படியே சொல்கிறேன், இந்தக் கேள்விக்கு அதுவே பாதி பதில்.

வாசலை ஒட்டி இடது பக்கம் சிறுவர் பகுதி. குட்டை நாற்காலி, சுவரில் யானைப் படம். அதிலிருந்து நாலடி தள்ளினால் நாவல் பீரோ. நடுவில் எதுவும் கிடையாது, ஒரு தண்ணீர் கேன் இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அந்தக் குட்டை நாற்காலியில் முட்டி இடிக்க ஆரம்பித்ததும் எழுந்துவிடுகிறது. பீரோப் பக்கம் போக வெட்கம். அப்படியே வெளியே போய்விடுகிறது. பையன்கள் நாலைந்து வருடம் கழித்து டிஎன்பிஎஸ்சி கைடு கேட்டுத் திரும்பி வருகிறார்கள். பெண் பிள்ளைகள் பெரும்பாலும் திரும்புவதில்லை.

சிறுவர் பக்கம் இப்போது நல்ல புத்தகம் வராமல் இல்லை. 2020ல் பால சாகித்ய புரஸ்கார் வாங்கிய 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' யெஸ். பாலபாரதி எழுதியது. தப்பான தொடுதலைப் பற்றிக் குழந்தைக்குப் புரிகிற மாதிரி ஒரு மரப்பாச்சி பேசும். எங்களிடம் இருந்த பிரதி தாளெல்லாம் மெழுகாகிவிட்டது, அத்தனை கை. ஆனால் அதைப் படித்த பிள்ளை அடுத்து என்ன படிப்பது என்று வந்து நின்றால் எனக்குக் கை தடுமாறுகிறது. பொன்னியின் செல்வனைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன். 2022ல் படம் வந்தபோது முதல் பாகத்துக்கு வரிசை நின்றது. ஐந்தாம் பாகம் இன்னும் புதுக் கருக்கு அழியாமல் இருக்கிறது.

சோமனூர்க்காரன் | திங்கள், இரவு 9.20

தண்ணீர் கேன். கரெக்டா சொல்லிட்டீங்க.

ராஜவீதி அண்ணா, கூளமாதாரி நான் படிச்சிருக்கேனுங்க. ரெண்டு தடவை. கூளையனை நெனைச்சா இப்பவும் தொண்டை அடைக்கும். மேகாட்டுல ஆடு ஓட்டற பசங்களை நான் பார்த்திருக்கேன், அந்த வெயிலு, அந்தப் பனைமரம், எல்லாம் அப்படியே இருக்கும். ஆனா அது கூளையனைப் பத்தின கதை. கூளையன் சொல்ற கதை இல்லை. பக்கத்துல பெரிய ஆளு ஒருத்தர் நின்னு, எல்லாந் தெரிஞ்சவரு, பார்த்துப் பார்த்துச் சொல்றாரு. நமக்கு அவரு கண்ணுல இருந்து தெரியுது. நாப்பது வயசுல படிச்சா அது நெஞ்சுல ஏறும். பதினாறுல படிச்சா, பாவம்னு தோணும். பாவம்னு தோணறதும், இது நான்னு தோணறதும் ஒண்ணு இல்லீங்களே.

நான் தறிக்காரன், எனக்குத் தெரிஞ்ச வரையில சொல்றேன். அந்த இங்கிலீசு புக்குல என்னைய இழுத்தது சண்டை இல்லை. அந்தப் பொண்ணு காட்னிஸ் 'நான்'னு பேசறா, அதுவும் நடக்க நடக்கச் சொல்றா. "ஓடறேன். கால் வழுக்குது." அடுத்த நிமிசம் என்ன ஆகும்னு அவளுக்கே தெரியாது. அப்பன் செத்துட்டான், அம்மா பித்துப் புடிச்சாப்ல உக்காந்துட்டா, இவதான் வேட்டையாடித் தங்கச்சிக்குச் சோறு போடறா. இதை முப்பது வருசம் கழிச்சுத் திரும்பிப் பார்த்து "அந்தக் காலத்துல நாங்க பட்ட பாடு"ன்னு சொல்லியிருந்தா எம் பொண்ணு பத்துப் பக்கத்துல மூடியிருப்பா.

நம்மாளுக சின்ன வயசைப் பத்தி எழுதாம இல்லை. எழுதித் தள்ளியிருக்காங்க. அத்தனையும் திரும்பிப் பாக்கறது. ஆத்துத் தண்ணி, பொங்கலுக்குச் சட்டை, மொதக் காதல், மொத பீடி. எழுதறவருக்குத் தலை நரைச்சிருக்கும், கண்ணு கலங்கியிருக்கும். எனக்குப் புடிக்கும், நானும் திரும்பிப் பாக்கற வயசுதான். பதினாறு வயசுக்காரிக்குத் திரும்பிப் பாக்க என்னங்க இருக்கு?

மாச நாவலும் அதே குத்தம்தான், வேற வழியில. நான் படிச்ச வரைக்கும் பதினாறு வயசுப் பொண்ணு வந்தான்னா ஒண்ணு மூணாம் பக்கத்துல பொணமா வருவா, இல்லாட்டி ஹீரோவோட தங்கச்சியா காப்பி கொண்டுவருவா. ஆனா ஒண்ணு சொல்லோணும். படிக்கற வெறியைக் குடுத்தது அதுதான். 100 பக்கம், ஒரு ராத்திரி. அத்தியாயம் முடியற எடத்துல ஒரு கதவு தட்டற சத்தம். கூளமாதாரிய நான் படிச்சு முடிச்சதுக்கே அந்தப் பழக்கந்தான் காரணம்.

ரெண்டாவது பெஞ்ச் | திங்கள், இரவு 10.02

ஹாய், நான் திருப்பூர், ட்வெல்த். இங்க எல்லாரும் எங்களைப் பத்தியே பேசறதால ஒரு அட்டெண்டன்ஸ் போட்டுக்கறேன்.

முதல்ல ஒரு கரெக்‌ஷன். நாங்க புக் மட்டும் படிக்கறதில்லை, போன்ல நிறையப் படிக்கறோம். வாட்பேட், பிரதிலிபி. தமிழ்ல தொடர்கதை ராத்திரி 11 மணிக்கு ஒரு எபிசோட் போடுவாங்க, கீழ "அடுத்தது எப்போ அக்கா"ன்னு கமெண்ட் ஓடும். எங்க கிளாஸ்லயே ரெண்டு பேர் எழுதறாங்க. வாத்தியாருக்குத் தெரியாது. அதுல தொண்ணூறு பர்சென்ட் ஒரே கதை: கோவக்கார பணக்காரன், கட்டாயக் கல்யாணம், அப்பறம் லவ். எனக்கே தெரியும் அது குப்பைன்னு. ஆனா நடுவுல ஒண்ணு ரெண்டு, மார்க் கம்மியான அன்னிக்கு ஊட்டுக்குப் போற பஸ்ஸைப் பத்தி யாரோ எழுதியிருந்தாங்க, ரெண்டே பக்கம். அதை நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சிருக்கேன்.

நாட்டுச்சக்கரை மிஸ், எட்வர்டை அப்பிச்சின்னு சொன்னதுக்கு என் கடும் கண்டனம்.

சோமனூர் அங்கிள் பொண்ணு சொன்னது எனக்குப் புரியுது. ஆனா "இதுல நான் இல்லை"ங்கறதுக்கு அர்த்தம் என்னை மாதிரியே ஒருத்தி வேணும்னு இல்லை. காட்னிஸ் மாதிரி நான் வில் பிடிச்சதே கிடையாது. நான் கேக்காத கேள்விய அவ கேக்கறா, அவ்வளவுதான்.

ராஜவீதி வாசகன் | திங்கள், இரவு 10.40

சோமனூர்க்காரர் சொன்ன திரும்பிப் பார்த்தல் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். அரைமனதோடு. எழுதுகிறவன் எந்த வயதில் நிற்கிறான் என்பதை நான் அந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. 'தி அவுட்சைடர்ஸ்' 1967ல் வெளிவந்தபோது எஸ். இ. ஹிண்டனுக்கு வயது 18. எழுதும்போது இன்னும் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். தெருச் சண்டைப் பையன்களைப் பற்றிய கதை. அதில் திரும்பிப் பார்க்க அவளுக்கு நேரமே இல்லை.

இன்னொன்று, இழைக்குச் சம்பந்தம் இல்லாதது. பெண் எழுதியது என்று தெரிந்தால் விமர்சகர்கள் ஒதுக்குவார்கள் என்று ஹிண்டனை வெறும் முதலெழுத்தோடு போடச் சொன்னார்கள். பையன்கள் வாங்கமாட்டார்கள் என்று ஜோன் ரௌலிங்கையும் ஜே. கே. ஆக்கினார்கள். அங்கே பெண்கள் பெயரை மறைத்துக்கொண்டு எழுத, இங்கே நம் ஆண்கள் என்ன செய்தார்கள்? ரங்கராஜன் மனைவி பெயரில் சுஜாதா ஆனார். ஸ்ரீவேணுகோபாலன் புஷ்பா தங்கதுரை ஆனார். சுரேஷும் பாலகிருஷ்ணனும் சேர்ந்து சுபா. சின்ன வயதில் இவர்கள் எல்லாரையும் அக்காக்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாட்டுச்சக்கரை | திங்கள், இரவு 10.48

அய்யோ, சுபா ஆம்பளைகளா? இத்தனை வருசமா...

அரைநைட்டு | செவ்வாய், பகல் 2.30

படிச்சிட்டு மட்டும் போவேன், எழுதுனதில்ல. தப்பிருந்தா மன்னிச்சிருங்க.

நான் ஆண்டிபட்டிப் பக்கம். பதினாறு வயசுல இந்தப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுக்கு வந்தேன். சுமங்கலித் திட்டம்னு சொல்லுவாங்க, மூணு வருசம் ஆஸ்டல்ல இருந்து வேலை பாத்தா கடைசியில கல்யாணத்துக்கு மொத்தமா பணம். எங்கப்பா கையெழுத்துப் போட்டாரு. சோமனூர் அண்ணன் சொன்னாரே, பேரை எழுதிக் குடுத்துத் தானியம் வாங்குறதுன்னு, அதைப் படிச்சப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. நடுவுல அம்மை போட்டு ஊருக்குப் போய்ட்டு வந்தேன், அதைக் காட்டி மொத்தப் பணத்துல பிடிச்சிட்டாங்க. அது பழைய கதை, விடுங்க.

நான் சொல்ல வந்தது புஸ்தகத்தைப் பத்தி. மாசத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கெழம வார்டன் எங்களைச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போகும். அங்க பழைய பேப்பர்க் கடையில ரமணிசந்திரன் நாவல் எடைக்குக் கெடைக்கும். ஒரு ரூமுக்குப் பன்னெண்டு பேரு. ஒரு புஸ்தகத்தை யாரு மொதல்ல படிக்குறதுன்னு சண்டை வரும். அதனால வாங்குன அன்னைக்கே முதுகுத் தையலைப் பிரிச்சு நாலாப் பிரிச்சிருவோம். காலை ஷிப்டு போறவ கிட்ட மொதப் பாகம், பகலுக்கு ரெண்டாவது, இப்பிடி. தலையணை உறைக்குள்ள வெச்சிருப்போம். எனக்கு அரைநைட்டு ஷிப்டு, நூல் நூக்குற ரிங் பிரேம் மிஷின்ல ஒரு சைடு பாத்தேன். நான் ரூமுக்கு வர்றப்ப கெடக்குறது எப்பவும் மூணாம் பாகந்தான். அதனால எனக்குத் தெரிஞ்ச எல்லாரும் மொதல்ல சண்டை போட்டுப் பிரிவாங்க, அப்பறம் சேருவாங்க, அதுக்கப்பறம் கல்யாணம் பண்ணுவாங்க, கடைசியாத்தான் ஒருத்தரை ஒருத்தர் மொதமொதல்ல பாப்பாங்க.

அந்தக் கதைகள்ல பங்களா இருக்கும், கார் இருக்கும், மாமியார் பட்டுச்சேலையில கோவப்படும். நாங்க யாருமே அதுல இல்ல. அதான் வேணும்னு இருந்துச்சு. மூக்கு வழியா பஞ்சு போயி தும்மல் நிக்காம ரூமுக்கு வர்றவகிட்ட, ஒரு மில்லுப் பொண்ணு கதைன்னு யாராச்சும் நீட்டியிருந்தா தூக்கி வீசியிருப்பேன். இதை ஏன் சொல்றேன்னா, 'நம்ம கதை நம்ம ஊருக் கதை'ன்னு நீங்க எல்லாம் பேசுறது நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த வயசுல எனக்குத் தேவைப்பட்டது வெளிய போற கதவு. கண்ணாடி இல்ல.

இப்ப பல்லடத்துல இருக்கேன், எனக்கும் ஒரு மக, பதிமூணு. அவ ஒருநாள் "அம்மா, ஆஸ்டல்ல என்ன நடக்கும்"னு கேட்டா. சொல்ல ஆரம்பிச்சேன், எங்க ஆரம்பிக்கன்னு தெரியல. மூணாம் பாகத்துல இருந்து ஆரம்பிச்சிட்டேன்.

சோமனூர்க்காரன் | செவ்வாய், இரவு 9.55

நேத்து அத்தனை பெருசாப் பேசிட்டனுங்க. இதைப் படிச்சபொறவு எனக்குப் பேச்சு வரலை.

அம்மிணி, நீங்க சொல்றது சரி. எட்டாம் மாவட்டம் நம்மூருன்னு நான் சிரிச்சேன்ல, அந்தக் கதை நெசமா நம்மூருல நடந்திருந்தா ஒரே மூச்சுல படிச்சிருப்பனான்னு இப்பத்தான் நெனைச்சுப் பாக்கறேன். எங்கியோ இருக்கற அமெரிக்காக்காரி, அந்தப் புக்கை எழுதுனவங்க, டிவியில ஒரு சேனல்ல போட்டி நிகழ்ச்சியும் அடுத்த சேனல்ல ஈராக் சண்டையும் மாத்தி மாத்திப் பாத்தப்ப தோணுனதுன்னு சொல்லியிருக்காங்க. தூரமா இருந்ததாலதான் எனக்கு உள்ள வரைக்கும் போச்சோ என்னமோ.

கிளை நூலகம் | செவ்வாய், இரவு 10.10

அரைநைட்டு அவர்களுக்கு: உங்கள் மகளுக்கு உறுப்பினர் அட்டை இருக்கிறதா? இல்லையென்றால் பல்லடம் நூலகத்திலேயே போட்டுக்கொள்ளலாம், பள்ளி அடையாள அட்டை நகலோடு போய்க் கேளுங்கள். நான் அடுத்த வாரம் தண்ணீர் கேனை மூலைக்கு நகர்த்திவிட்டு அந்த இடத்தில் ஒரு ரேக் போடப் பார்க்கிறேன். மேலதிகாரி என்ன சொல்வாரோ. ரேக் மேல் என்ன எழுதி ஒட்டுவது என்றுதான் தெரியவில்லை. 'இளையோர்' என்றால் யாரும் கிட்ட வரமாட்டார்கள்.

மாயாவிப் பிரியன் | செவ்வாய், இரவு 10.14

"பெரியவங்க தொடக் கூடாது"ன்னு எழுதுங்க. மொத நாளே காலியாயிரும்.

ரெண்டாவது பெஞ்ச் | செவ்வாய், இரவு 11.30

அரைநைட்டு அக்கா, நான் மூணு தடவை படிச்சேன் நீங்க எழுதினதை. ஒண்ணு கேக்கட்டுமா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் பிரதிலிபியில ஒரு கதை எழுதிட்டு இருக்கேன், இன்னும் போடலை. மில் ஆஸ்டல்தான். ஆனா அதுல பேய் இருக்கு. பன்னெண்டாவது கட்டில் காலியா இருக்கும், ராத்திரி அங்க இருந்து யாரோ பக்கம் திருப்பற சத்தம் கேக்கும். உங்க நாலு பாகம் ஐடியாவை நான் எடுத்துக்கலாமா? ஒரு பாகம் மட்டும் காணாமப் போகணும்.

அரைநைட்டு | புதன், பகல் 2.15

எடுத்துக்கம்மா. பேய்ன்னா என் மக படிப்பா. வார்டன் நல்லதா கெட்டதா?

ரெண்டாவது பெஞ்ச் | புதன், மாலை 6.40

இன்னும் முடிவு பண்ணலைக்கா. 

சோமனூர் அங்கிள், உங்க பொண்ணு படிச்சுட்டு திட்டுவாளான்னு கேட்டுச் சொல்லுங்க, அனுப்பறேன். கடைசி அத்தியாயம் மட்டும் இன்னும் எழுதலை. உங்களுக்கு அது ஒண்ணும் பெருசா இருக்காது, கடைசி 16 பக்கம் இல்லாமப் படிச்சுப் பழகினவர்தானே.

சோமனூர்க்காரன் | புதன், இரவு 9.03

லொள்ளைப் பாரு. அனுப்பு கண்ணு.